வேலையை விடாமல் கல்வியியலில் முனைவர் பட்டம்: பிஎச்.டி.யா, எட்.டி.யா? மொரீஷியஸ் ஆசிரியர்கள் சொல்லுங்கள்

ரோஸ்ஹில் மிஸ் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். அரசு காலேஜ் ஒன்றில் (இங்கே இடைநிலைப் பள்ளியைத்தான் காலேஜ் என்போம்) தமிழ் ஆசிரியை நான். ரெடுயியில் மொரீஷியஸ் கல்வி நிறுவனமான எம்.ஐ.இ.யில் ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழான பி.ஜி.சி.இ. முடித்து, பிறகு கல்வியியலில் எம்.ஏ.வும் முடித்தாயிற்று. இப்போது முனைவர் பட்டத்துக்குப் பதிய நினைக்கிறேன். வேலையை விட முடியாது. வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்கிறது, மகள் இந்த ஆண்டு தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வான பி.எஸ்.ஏ.சி. எழுதுகிறாள்.

யாரைக் கேட்டாலும் ஒவ்வொரு பதில் வருகிறது. ஒருவர் பகுதிநேர பிஎச்.டி.தான் மதிப்பு என்கிறார், இன்னொருவர் வேலையில் இருப்பவர்களுக்கு எட்.டி. என்ற கல்வியியல் முனைவர் பட்டம்தான் பொருந்தும் என்கிறார். இந்தியாவில் ஆன்லைனில் சுலபமாக முடித்துவிடலாம் என்றும் ஒரு சிநேகிதி சொன்னாள். நான் யோசித்திருக்கும் தலைப்பு "மொரீஷியஸில் தமிழ்க் கல்வியின் வீழ்ச்சி". பல வருஷமாக மனதில் கிடந்து உறுத்துகிற விஷயம். கிரேடு 9 வரை ஆசையாகப் படிக்கும் பிள்ளைகள் கிரேடு 10-இல் தமிழை விட்டுவிடுகிறார்கள். ஏன் என்று தெரிந்துகொள்ளாமல் ஓய்வு பெற எனக்கு மனமில்லை.

எங்கே சேரலாம், எத்தனை வருஷம் ஆகும், குடும்பம் தாங்குமா? அனுபவப்பட்டவர்கள் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

---

மோக்கா வாசகன் எழுதியது:

மிஸ், நல்வரவு. எம்.ஐ.இ.யும் தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய பிஎச்.டி. திட்டத்தில் முடித்தவன் நான். நம் ஊர் ஆசிரியர்களுக்கு அது எவ்வளவு பொருந்தியது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

வழக்கமான பிஎச்.டி.யில் நீங்களும் உங்கள் நெறியாளரும் மட்டும்தான். அவர் பதில் போட்டால் வேலை நகரும், போடாவிட்டால் நிற்கும். இந்தத் திட்டத்தில் ஒரே சமயத்தில் சேர்ந்தவர்கள் எல்லாரும் ஒரு குழு. குறிப்பிட்ட இடைவெளியில் கூடுவோம். எழுதிய அத்தியாயத்தையோ, பாதி வெந்த யோசனையையோ எல்லார் முன்னும் வைப்போம். நம் நெறியாளர் மட்டுமல்ல, மற்ற பேராசிரியர்களும் சக மாணவர்களும் கேள்வி கேட்பார்கள். ஒரு அமர்வில் என் பக்கத்தின் ஓரத்தில் ஒரு பேராசிரியர் பென்சிலால் "அதனால் என்ன?" என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு வரியால் என் மூன்றாவது அத்தியாயம் முழுதும் மாறியது. தனியாக உட்கார்ந்து எழுதியிருந்தால் அந்தக் கேள்வி எனக்கு வந்தே இருக்காது.

இந்தக் கூட்டுத் திட்டம் பற்றி 2014-இல் 'கம்பேர்' ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது, கிடைத்தால் படியுங்கள். இப்போது சேர்க்கை எப்படி, அடுத்த குழு எப்போது என்பதை எம்.ஐ.இ.யில் நேரில் போய்க் கேளுங்கள். மெட்ரோவிலேயே ரெடுயி போய்விடலாம். 1965-இல் தொடங்கிய நம் மொரீஷியஸ் பல்கலைக்கழகமும் 2012-இல் வந்த திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் அதே ரெடுயியில்தான், ஒரே மதியத்தில் மூன்றையும் விசாரித்துவிடலாம்.

---

டர்பன் கணக்கு வாத்தியார் எழுதியது:

சேலத்துக்காரன், தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கணிதம் சொல்லித்தருகிறேன். வாசகன் ஐயா சொன்ன குழு முறை பிறந்த ஊர் இதுதான். டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பழக்கம். 2004-இல் அது நட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து குவாசுலு-நட்டால் ஆனபோது கூடவே வந்தது. 1961-இல் இந்தியர்களுக்கென்று சாலிஸ்பரி தீவில் ஒதுக்கிவைத்துத் தொடங்கிய கல்லூரிதான் பின்னாளில் டர்பன்-வெஸ்ட்வில் ஆயிற்று. நிறவெறி அரசு ஓரம் கட்டிய இடத்தில் படித்த தலைமுறைதான் பிறகு ஆசிரியர்களை முனைவர்களாக்கும் முறை ஒன்றை உருவாக்கியது. இங்கே வயதான தமிழ் ஆசிரியர்கள் அதைச் சொல்லும்போது குரலில் ஒரு பெருமை இருக்கும்.

எத்தனை வருஷம் என்று கேட்டீர்கள் அக்கா. கணக்குப் போட்டே சொல்கிறேன். தென்னாப்பிரிக்காவில் முனைவர் பட்டத்துக்கு 360 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது 10 மணி நேர உழைப்பு. ஆக மொத்தம் 3600 மணி நேரம். பள்ளி வேலை, வீட்டு வேலை எல்லாம் போக வாரத்துக்கு 12 மணி நேரம் ஒதுக்கி, ஆண்டுக்கு 50 வாரம் விடாமல் செய்தால் 600 மணி, 6 ஆண்டு ஆகும். 15 மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 48 வாரம் வைத்தாலே 5 ஆண்டில் முடியும். "மூன்று வருஷத்தில் முடிச்சிடலாம்" என்று யாராவது சொன்னால், வாரத்துக்கு 24 மணி நேரம் எங்கிருந்து வரும் என்று அவரையே கேளுங்கள்.

அந்த 12 மணி நேரமும் துண்டு துண்டாக வந்தால் பயன் இல்லை. அரை மணி நேரத்தில் ஒரு கட்டுரை படிக்கலாம், ஒரு வாதத்தைக் கட்ட முடியாது. சனிக்கிழமை காலை முழுதும் உங்களுடையது என்று வீட்டில் இப்போதே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

---

காத்ர்போர்ன் ரெக்டர் எழுதியது:

கணக்கு சரிதான் தம்பி. ஆனால் எட்.டி.யை யாரும் பேசவில்லையே. காலேஜ் ஒன்றின் ரெக்டர், அதாவது தலைமையாசிரியர் நான். அந்த வழியில் வந்தவன், அதனால் சொல்கிறேன்.

அது பிஎச்.டி.க்கு ஒரு படி கீழே என்ற எண்ணம் நம் ஊரில் ஊறிப்போயிருக்கிறது. ஹார்வர்டில் 1920-இல் கல்வியியல் பள்ளி தொடங்கிய காலத்திலேயே எட்.டி. வந்துவிட்டது. இங்கிலாந்தில் 1992-இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகம் கொண்டுவந்தது. இரண்டும் முனைவர் பட்டம்தான், பட்டங்களைத் தரப்படுத்தும் தகுதிச் சட்டகத்தில் ஒரே நிலை. வேறுபாடு பாதையில் இருக்கிறது. எட்.டி.யில் முதல் ஒன்றிரண்டு ஆண்டுகள் பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் நீண்ட கட்டுரைகள். அதன் பிறகே ஆய்வேடு. பிரிட்டனில் பிஎச்.டி. ஆய்வேடு பொதுவாக 80,000 சொல் வரை போகும், எட்.டி. ஆய்வேடு ஏறத்தாழ 50,000. முதலில் எழுதிய கட்டுரைகள் மீதியை ஈடுகட்டும். வேலையில் இருப்பவருக்கு இதில் பெரிய ஆறுதல், கெடு தேதிகள். ஆண்டு முழுதும் யாரும் கேட்கவில்லை என்றால் பள்ளிக்கூடம் நம்மை விழுங்கிவிடும்.

இன்னொன்று. எட்.டி.யின் கேள்வி நம் பணியிலிருந்தே எழ வேண்டும். ஆசிரியரே ஆய்வாளராக வேண்டும் என்று 1970-களில் பிரிட்டன் கல்வியாளர் ஸ்டென்ஹவுஸ் வாதாடினாரே, அதன் நேர் வாரிசு இது. உங்கள் கேள்வி வகுப்பறையில் பிறந்தது மிஸ். எட்.டி.யைத் தயங்காமல் பாருங்கள்.

---

மோக்கா வாசகன் எழுதியது:

ரெக்டர் ஐயா சொல்வதில் பெரும்பகுதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே ஹார்வர்ட் எட்.டி. சேர்க்கையை நிறுத்திவிட்டு 2014 முதல் கல்வியியலில் பிஎச்.டி. மாணவர்களைச் சேர்க்கிறது. மிஸ்ஸுக்குப் பின்னாளில் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தும் எண்ணம் இருந்தால், பிஎச்.டி. என்று மட்டும் எழுதியிருக்கும் வேலை விளம்பரங்கள் இன்னும் வருகின்றன. பள்ளியிலேயே இருந்து பாடத்திட்டம், மேற்பார்வை என்று போவதானால் இரண்டும் ஒன்றுதான். வெளிநாட்டுப் பட்டம் எதுவானாலும் சேருவதற்கு முன்பே நம் உயர்கல்வி ஆணையத்திடம் அங்கீகாரம் பற்றி எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

---

கடலூர்க்காரன் எழுதியது:

இந்தியா பற்றி ஒரு தகவல். "ஆன்லைனில் பிஎச்.டி." என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள் சகோதரி. இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2022 விதிமுறைப்படி தொலைநிலைக் கல்வியிலோ ஆன்லைனிலோ பிஎச்.டி. வழங்கக் கூடாது. பகுதிநேரம் உண்டு, அதற்கு உங்கள் வேலையிடத்திலிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். குறைந்தது மூன்று ஆண்டுகள். பாடவகுப்புக்கும் வாய்மொழித் தேர்வுக்கும் வந்துபோகும் செலவையும் சேர்த்துப் பாருங்கள்.

பட்டம் அங்கே செய்யாவிட்டாலும் சோத்கங்கா தளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ் கற்பித்தல் பற்றியே நிறைய இருக்கிறது.

---

கியூர்பிப் டீச்சர் எழுதியது:

அக்கா, யாரும் சொல்லாததை நான் சொல்கிறேன். கசப்பாக இருக்கும், ஆனாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் பகுதிநேரமாகப் பதிந்தேன், பெயர் வேண்டாம். முதல் நெறியாளர் வேறு ஊருக்கு வேலை மாறிப் போனார். அடுத்து வந்தவருக்கு என் துறையே புதிது. அனுப்பிய அத்தியாயம் மாதக்கணக்கில் கிடந்தது. கட்டணம் மட்டும் ஆண்டுதோறும் தவறாமல் வந்தது. ரூபாயின் மதிப்பு இறங்கிய ஆண்டில் அதே கட்டணம் இன்னும் கனத்தது. இப்போது இடைநிறுத்தம் வாங்கி வைத்திருக்கிறேன்.

அதனால் சொல்கிறேன், பல்கலைக்கழகத்தின் பெயருக்கு முன்னால் நெறியாளரைத் தேடுங்கள். உங்கள் தலைப்புக்கு நெருக்கமாக அவர் என்ன எழுதியிருக்கிறார், எத்தனை மாணவர்கள் அவரிடம் இருக்கிறார்கள், எத்தனை பேர் முடித்தார்கள் என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவில்லை. அவர் போய்விட்டால் யார் பொறுப்பு என்பதையும் கேளுங்கள். அவருடைய மாணவர் ஒருவரிடம் தனியாகப் பேச முடிந்தால் இன்னும் நல்லது.

பணத்தில் இன்னொரு விஷயம். நம்மில் பலருக்கு சாயங்கால டியூஷன் வருமானம்தான் கடனை அடைக்கிறது. ஆராய்ச்சிக்கு வேண்டிய நேரமும் அதே சாயங்காலம்தான். இளங்கலைக்கு 2019 முதல் அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் இல்லை, ஆனால் முதுநிலைக்கு மேல் நம் கையிலிருந்துதான். அதனால் கட்டணம் ஒரு செலவு, விடுகிற டியூஷன் இரண்டாவது செலவு. இரண்டையும் கூட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்காரரிடம் பேசுங்கள்.

---

ரோஸ்ஹில் மிஸ் எழுதியது:

கியூர்பிப் தங்கை, மனம் திறந்து எழுதியதற்கு நன்றி. டியூஷன் கணக்கை நான் போட்டே பார்க்கவில்லை. இன்று ராத்திரி போடுகிறேன்.

ஒரு கேள்வி எல்லாருக்கும். என் தலைப்பு எப்படி இருக்கிறது? அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே!

---

மோக்கா வாசகன் எழுதியது:

திறக்கிறேன் மிஸ். "மொரீஷியஸில் தமிழ்க் கல்வியின் வீழ்ச்சி" என்பது ஒரு ஆளால் ஆயுள் முழுதும் செய்ய வேண்டிய வேலை. அதோடு அந்தத் தலைப்பிலேயே முடிவும் வந்துவிட்டது. வீழ்ச்சி என்று தீர்மானித்துவிட்டுப் போனால், எங்கே பார்த்தாலும் வீழ்ச்சிதான் தெரியும்.

ஆனால் உங்கள் பதிவிலேயே நல்ல கேள்வி ஒன்று கிடக்கிறது: கிரேடு 9 முடிக்கும் ஒரு பிள்ளை, அடுத்த ஆண்டு எஸ்.சி. என்ற பள்ளிச் சான்றிதழ்த் தேர்வுப் படிப்புக்கு எந்தப் பாடங்களை எடுப்பது என்று எப்படி முடிவு செய்கிறது? யார் யார் அந்த முடிவில் இருக்கிறார்கள்? இது சின்னதாகத் தெரியும். தோண்டினால் ஆழம் போகும். பெற்றோர் கணக்கியல் எடு என்கிறார்களா? தாத்தா பாட்டி தமிழைக் கேட்கிறார்களா? கால அட்டவணையே தடையா? நான் வேலை செய்த ஒரு காலேஜில் தமிழும் கணக்கியலும் ஒரே நேரக் கட்டத்தில் இருந்தன. ஒன்றை எடுத்தால் மற்றது கிடையாது. பிள்ளைக்குத் தமிழ் மேல் வெறுப்பு ஒன்றும் இல்லை, கட்டம் இடம் தரவில்லை, அவ்வளவுதான். "ஆர்வம் குறைந்துவிட்டது" என்று மேடையில் பேசுகிறோமே, அதில் எவ்வளவு ஆர்வம், எவ்வளவு அட்டவணை என்று பிரித்துப் பார்த்த ஆய்வு நமக்குக் கட்டாயம் தேவை.

இரண்டோ மூன்றோ பள்ளிகள், ஒவ்வொன்றிலும் சில மாணவர்கள், அவர்கள் பெற்றோர், பாட அட்டவணை போடுகிறவர். பகுதிநேர ஆய்வுக்கு அது தாராளம். ஒவ்வொருவரிடமும் ஒரு மணி நேரம் பேசினால், அதை எழுத்தில் இறக்க ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். பிள்ளைகள் நம் தீவின் பேச்சுமொழியான கிரியோலில்தான் பேசுவார்கள். 2011-இல் வந்த அதன் அதிகாரபூர்வ எழுத்துமுறையை முதலிலேயே பழகிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒரே சொல்லை நாலு விதமாக எழுதிவிட்டுப் பின்னால் தேடித் தவிப்பீர்கள்.

கள வேலைக்குக் காலமும் பாருங்கள். ஜனவரி, பிப்ரவரியில் புயல் எச்சரிக்கை வந்தால் பள்ளி மூடிவிடும், தைப்பூசக் காவடி விரதமும் அப்போதுதான். அக்டோபர், நவம்பர் பரீட்சை. மே முதல் ஜூலை வரை இரண்டாம் தவணைதான் உங்களுக்குக் கிடைக்கும் ஒரே நல்ல ஜன்னல்.

---

டர்பன் கணக்கு வாத்தியார் எழுதியது:

அக்கா, உங்கள் சொந்தக் காலேஜில் இந்த ஆய்வைச் செய்யாதீர்கள். குறைந்தபட்சம் உங்கள் சொந்த மாணவர்களிடம் வேண்டாம்.

என் ஆய்வின்போது நடந்ததைச் சொல்கிறேன். என் வகுப்புப் பையன் ஒருவனிடம் ஒப்புதல் படிவத்தைக் கொடுத்து, விருப்பம் இருந்தால் மட்டும் கையெழுத்துப் போடு, போடாவிட்டாலும் ஒன்றும் இல்லை என்று பொறுமையாக விளக்கினேன். படிவத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான். பேனாவை எடுத்தான். "சார், போடாட்டா மார்க்கு குறையுமா?" என்றான். நெறிமுறைக் குழு கேட்கும் கேள்வியை அந்தப் பையனே கேட்டுவிட்டான். விருப்பப்படி என்று நாம் எழுதிவைக்கலாம். மார்க் போடுகிற கை நம்முடையது என்பது அவனுக்குத் தெரியும். அதற்குப் பிறகு என் பள்ளியை விட்டுவிட்டு வேறு பள்ளிகளில்தான் ஆட்களைத் தேடினேன்.

வேலையில் இருந்தபடி ஆராய்ச்சி செய்கிற நமக்கு உள்ளே இருப்பதுதான் பலம். வெளியாள் ஒருவருக்கு அந்த நேரக் கட்டம் கண்ணிலேயே படாது. ஆனால் உள்ளே இருப்பதால் நம் முன்னால் யாரும் முழுதாகப் பேசமாட்டார்கள் என்பதும் உண்டு. ஆய்வேட்டில் இரண்டையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

---

மோக்கா வாசகன் எழுதியது:

தம்பி சொன்னதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்: கிரேடு 9 பிள்ளைகளுக்கு 14 வயது. நம் 2017 தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 16 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். பிள்ளையின் சம்மதத்தையும் தனியாக வாங்குங்கள். கல்வி அமைச்சின் அனுமதி, ரெக்டரின் அனுமதி, பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதி எல்லாம் கைக்கு வந்த பிறகே பள்ளிக்குள் நுழையுங்கள். இதற்கே பல மாதம் போகும், அதைத் திட்டத்தில் சேர்த்து வையுங்கள்.

பெயரை மாற்றினால் ஆள் மறைந்துவிடுவார் என்றும் நினைக்க வேண்டாம். நம் தீவில் தமிழ் ஆசிரியர்கள் எத்தனை பேர்? "பிளேன் வில்லெம்ஸ் மாவட்டத்தில் ஒரு பெண்கள் காலேஜில் இருபது வருஷமாகப் பணியாற்றும் தமிழ் ஆசிரியை" என்று எழுதிய உடனே படிக்கிறவர் கண் முன்னால் ஒரு முகம் வந்துவிடும். ஊர், அனுபவம், பள்ளி வகை, இவற்றில் எதை எழுதுவது எதை விடுவது என்று ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியாக யோசிக்க வேண்டும். ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தின் வழிகாட்டிக் குறிப்புகள் பெரிய நாட்டை மனதில் வைத்து எழுதப்பட்டவை, இந்தச் சிக்கலுக்கு அவை போதாது.

---

காத்ர்போர்ன் ரெக்டர் எழுதியது:

மிஸ், ஒன்று கேட்கிறேன். பிள்ளைகள் கட்டத்தையும் பெற்றோரையும் சொல்லாமல், "தமிழ் வகுப்பு சலிப்பாக இருந்தது, ஐயா பாடத்தை வாசித்துக்கொண்டே போவார், நாங்கள் எழுதிக்கொண்டே இருப்போம்" என்று சொன்னால் அதை எழுதுவீர்களா? உங்கள் சகாக்கள் படிப்பார்கள். சங்கத்தில் கேட்பார்கள். கோயிலில் பார்க்கும்போது கேட்பார்கள். இதற்கு உங்களுக்குள் பதில் இருந்தால்தான் விண்ணப்பம் போடுங்கள். எட்.டி.யா பிஎச்.டி.யா என்பது அதற்கு அப்புறம்.

---

ரோஸ்ஹில் மிஸ் எழுதியது:

ஐயா, இரண்டு நாளாக உங்கள் கேள்வியை நினைத்துக்கொண்டே இருந்தேன். எழுதுவேன். என் வகுப்பைப் பற்றியே சொன்னாலும் எழுதுவேன். தமிழ் இந்தத் தீவில் நிலைக்க வேண்டும் என்று நான் உண்மையாக நினைக்கிறேன். பிள்ளைகள் எதனால் விலகுகிறார்கள் என்பதை நமக்குப் பிடித்த காரணமாக மாற்றி எழுதினால் அந்த ஆசைக்கே துரோகம். கட்டம்தான் காரணம் என்று வந்தால் அமைச்சிடம் பேசலாம். எங்கள் கற்பித்தல்தான் காரணம் என்று வந்தால் எங்களுக்குள் பேசலாம். இரண்டையும் தெரியாமல் வைத்திருப்பதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

வாசகன் ஐயா சொன்னபடி கேள்வியைச் சுருக்கிவிட்டேன்: கிரேடு 9 மாணவர்கள் எஸ்.சி. பாடத் தேர்வில் தமிழைப் பற்றி எப்படி முடிவெடுக்கிறார்கள், வீடும் பள்ளி அட்டவணையும் வகுப்பறையும் அந்த முடிவில் என்ன பங்கு வகிக்கின்றன. என் காலேஜ் தவிர்த்து மூன்று பள்ளிகள்: ஒன்று வடக்கே, ஒன்று தெற்கே, ஒன்று நடுவில்.

டியூஷன் கணக்கும் போட்டாயிற்று. மகளின் பரீட்சை முடியும் வரை சேரப்போவதில்லை. சனிக்கிழமை வகுப்பை மட்டும் விடுவதாக வீட்டில் பேசியிருக்கிறோம், சனிக்கிழமை காலையில் சமையல் அவர் பொறுப்பு. குழுவாகச் செய்யும் பிஎச்.டி.யைத்தான் முதலில் விசாரிக்கப் போகிறேன், தனியாக விடப்பட்டால் நான் நின்றுவிடுவேன் என்று தோன்றுகிறது. அங்கே இடம் இல்லை என்றால் எட்.டி.

---

கியூர்பிப் டீச்சர் எழுதியது:

சந்தோஷம் அக்கா. சேரும் வரை சும்மா இருக்காதீர்கள். சோட்டெரோ, படித்த கட்டுரைகளையும் மேற்கோள்களையும் சேர்த்துவைக்கும் இலவச மென்பொருள், இப்போதே போட்டு, படிக்கிற ஒவ்வொரு கட்டுரையையும் அதில் சேர்த்து, பக்கத்திலேயே நாலு வரி தமிழிலோ பிரெஞ்சிலோ எழுதி வையுங்கள். பின்னால் அந்த நாலு வரிதான் கைகொடுக்கும். குவாசுலு-நட்டாலின் ரிசர்ச்ஸ்பேஸ் தளத்தில் மொரீஷியஸ் ஆசிரியர்கள் எழுதிய ஆய்வேடுகளும் இருக்கின்றன.

உங்கள் பதிவைப் படித்த பிறகு நானும் என் பல்கலைக்கழகத்துக்கு எழுதி, வேறு நெறியாளர் கேட்டிருக்கிறேன்.

---

காத்ர்போர்ன் ரெக்டர் எழுதியது:

இருவருக்கும் வாழ்த்துகள். மிஸ், நடுவில் ஒரு பள்ளி என்றீர்களே. அமைச்சின் அனுமதி வந்ததும் எங்கள் காலேஜுக்கு ஒரு கடிதம் போடுங்கள். அட்டவணை போடும் ஆசிரியரிடம் நீங்கள் தனியாகப் பேசலாம், நான் அந்த அறையில் இருக்க மாட்டேன்.